நாற்பது படத்துக்குப் பெயர் சொல்கிறான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பாம்பன்காரி
17 ஏப்ரல் 2025, இரவு 10.42

வணக்கம். மகனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆகிறது. இரண்டேகால் வயதில் மதுரையில் பார்த்து ஆட்டிசம் என்று சொன்னார்கள். போன ஆடி மாதத்திலிருந்து ஒரு தெரபி சென்டருக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், உள்ளே நாற்பது நிமிடம். சின்ன மேஜை, சின்ன நாற்காலி, ஃபிளாஷ் கார்டு. "வாட் இஸ் திஸ்?" என்று மிஸ் கேட்பார். "ஆப்பிள்" என்றால் வாயில் ஒரு சிப்ஸ் துண்டு. அடுத்த கார்டு. இப்படியே நாற்பது படத்துக்குப் பெயர் சொல்லப் பழகிவிட்டான். சொந்தக்காரர்கள் வந்தால் கார்டுக் கட்டை எடுத்துவைத்து நானே பெருமையாகக் காட்டுவேன்.

போன வாரம் அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் நின்று அழுகிறான். என்னவென்று தெரியாமல் பிஸ்கட் கொடுத்தேன், போனைக் கொடுத்தேன், தூக்கிவைத்துப் பார்த்தேன். கடைசியில் குடத்தில் போய் நெற்றியை முட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் போய்விட்டான். 'வாட்டர்' கார்டைக் காட்டினால் அடுத்த நொடி சொல்கிற பிள்ளை! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

சென்டரில் கேட்டால், "இந்த செட் முடியட்டும், தானாக வரும்" என்கிறார்கள். ஏழு மாதமாக அதே பதில்தான்.

15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இனி 61 நாள் கரையில்தான். வருமானம் இல்லாததால் சென்டருக்கும் இப்போதைக்கு முழுக்கு. "என்ன செய்யணும்னு சொல்லு, நான் செய்றேன்" என்கிறார். எனக்கே தெரிந்தால்தானே? விளையாட்டிலேயே பேச்சு சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்களே, அதை எங்களை மாதிரி ஆட்கள் வீட்டில் செய்ய முடியுமா?

கச்சான்காற்று
18 ஏப்ரல், காலை 6.15

பயப்படாதேம்மா. ஆம்பிளைப் பிள்ளைகள் சிலது மெதுவாகத்தான் வாய் திறக்கும். என் அண்ணன் மகன் நாலரை வயது வரை ஊமை மாதிரி இருந்தான். இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறான், போன் போட்டால் வைக்கமாட்டான். கடற்காற்று பட வளரட்டும். இந்த சென்டர் எல்லாம் காசு பிடுங்குகிற வேலை.

தொண்டி_ஸ்பீச்
18 ஏப்ரல், பிற்பகல் 2.30

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். வேலை மதுரையில், சொந்த ஊர் தொண்டி.

கச்சான் ஐயா, உங்கள் அண்ணன் மகன் மாதிரி பிள்ளைகள் உண்டுதான். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எது பேசாது என்று மூன்று வயதில் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தானாகப் பேசப்போகிற பிள்ளைக்கு விளையாட்டோடு கொஞ்சம் பயிற்சி கொடுத்ததால் ஒரு நஷ்டமும் இல்லை. தேவைப்படுகிற பிள்ளையைக் காக்கவைத்தால் அந்த வருஷங்கள் திரும்ப வராது.

பாம்பன்காரி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, காது பரிசோதனை ஆகிவிட்டதா? கையைத் தட்டிப் பார்ப்பதைக் கேட்கவில்லை, தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்களே, அந்த பெரா டெஸ்ட். இரண்டு, யாரும் எதுவும் சொல்லாமல் அவன் தானாகவே போய் விளையாடுவது எதனோடு? மூன்று, வேண்டியதை இப்போது எப்படித் தெரிவிக்கிறான்? அழுகை மட்டும்தானா, கையைப் பிடித்து இழுக்கிறானா?

பாம்பன்காரி
18 ஏப்ரல், இரவு 9.05

பெரா எடுத்தாயிற்று அக்கா, இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

பிடித்தது என்றால் முதலில் தண்ணீர். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பான். அப்புறம் வலையில் கட்டுகிற மிதவைகள். பழைய மிதவை நாலைந்து கிடக்கின்றன, அவற்றை உருட்டிவிட்டுப் பின்னாலேயே போவான். கயிறு இழுப்பது. இந்த மாதம் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரயில் போகிற சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் வாசலுக்கு ஓடிவந்துவிடுகிறான். பொம்மை கார், கட்டை எதையும் சீண்டமாட்டான்.

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவான். முகத்தைப் பார்க்கமாட்டான். சில நேரம் ஒரு வாக்கியம் வரும்: "பால் வேணுமா?" நான் எந்த ராகத்தில் கேட்பேனோ அதே ராகத்தில். எங்களிடம் ஏன் கேள்வி கேட்கிறான் என்று அத்தைக்குக் குழப்பம்.

தொண்டி_ஸ்பீச்
19 ஏப்ரல், காலை 11.20

அத்தையிடம் சொல்லுங்கள், அது கேள்வி இல்லை. பால் வேண்டும் என்றுதான் சொல்கிறான். பால் வருவதற்கு முன்னால் தினமும் அவன் காதில் விழுவது "பால் வேணுமா?" என்ற ஓசை. அந்த ஓசைக்குப் பின்னால் பால் வருகிறது. அவன் கணக்கு சரிதான். தவறு நம் பக்கம், நாம்தான் அவனுக்கு நம் வசனத்தையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காமல், அவன் சொல்லவேண்டிய வசனத்தை அவன் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: "பால்." சொல்லிவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது "இந்தா" என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கொஞ்ச நாளைக்கு அதை விட்டுவிடுங்கள். விடாவிட்டால் நாளைக்குக் கையை நீட்டி "இந்தா" என்று கேட்பான். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

இப்போது உங்கள் 'வாட்டர்' விஷயம். ஒரே சொல்லுக்குப் பல வேலை உண்டு. தாகம் எடுத்துத் 'தண்ணி' என்பது ஒரு வேலை. குடத்தைப் பார்த்துத் 'தண்ணி' என்று பெயர் சொல்வது வேறு வேலை. அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்வது இன்னொன்று. "கடல்ல என்ன இருக்கு?" என்றால் 'தண்ணி' என்பது நாலாவது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் இப்படிப் பிரித்துப் பெயர் வைத்தார். கேட்பதற்கு மாண்ட், பெயர் சொல்வதற்கு டாக்ட். பெரியவர்களுக்கு ஒரு வேலையில் சொல் வந்துவிட்டால் மற்றதிலும் வந்துவிடும். பேசத் தொடங்கும் பிள்ளைக்கு, அதுவும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, பல நேரம் அப்படி வராது. தனித்தனியாகத்தான் வரும்.

சென்டரில் நடந்ததை அவன் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். 'ஆப்பிள்' என்றான், சிப்ஸ் வந்தது. 'வாட்டர்' என்றான், சிப்ஸ் வந்தது. நாற்பது சொல்லும் அவனுக்குச் சிப்ஸ்தான். தண்ணீரைக் கொண்டுவரும் சொல் ஒன்று இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அதனால் பெயர் சொல்வதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். கேட்பதில் தொடங்குங்கள். முதல் வாரம் அப்பா அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, ஒரு கட்டளையும் போடக் கூடாது. அவன் தண்ணீர் ஊற்றினால் இவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றட்டும். அப்பா வந்தால் விளையாட்டு இன்னும் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேண்டும். அதற்கே நாலைந்து நாள் ஆகும்.

பிறகு அந்த விளையாட்டில் உச்சமான ஒரு நொடியைப் பிடியுங்கள். அவனுக்கு அடுத்தது வந்தே ஆகவேண்டும் என்று இருக்கும் நொடி. அங்கே நிறுத்துங்கள். சொல்லை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். ஏதாவது சத்தம், பாதிச் சொல், உதட்டசைவு, ஒரு பார்வை, எது வந்தாலும் உடனே விளையாட்டு தொடரவேண்டும். வராவிட்டால் இன்னொருமுறை சொல்லி, அப்படியே தொடருங்கள். தண்டனை கிடையாது. நாள்போக்கில் முழுச் சொல்லைச் சொல்லாமல் முதல் எழுத்தோடு நிறுத்துங்கள். அப்புறம் அதுவும் இல்லாமல் காத்திருங்கள்.

முக்கியமான ஒன்று: "சொல்லு, சொல்லு" என்று யாரும் சொல்லக் கூடாது. "தண்ணின்னு சொல்லு" என்றால் கடைசியில் கேட்ட 'சொல்லு'வைத்தான் திருப்பிச் சொல்வான்.

வலைப்பின்னல்
19 ஏப்ரல், இரவு 8.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கின்னர் வழியில் வந்த ஏ.பி.ஏ. (பரிசு கொடுத்து நடத்தையைப் பழக்கும் பயிற்சி முறை) என்பதே நாய்க்குப் பிஸ்கட் போட்டுப் பழக்குவது மாதிரிதான் என்று படித்தேன். வளர்ந்த ஆட்டிசம்காரர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். விளையாட்டு என்று பெயரை மாற்றினால் ஆயிற்றா?

சாயல்குடி_அப்பா
20 ஏப்ரல், காலை 7.10

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் இரண்டு வகையையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த முறை பெரிதாகப் பேசப்பட்டது லோவாஸ் என்பவரால். கலிஃபோர்னியாவில், 1987இல் அவருடைய ஆய்வு வந்தது. 19 குழந்தைகள், வாரம் 40 மணி நேரம், அதில் 9 பேர் பொதுப்பள்ளியில் முதல் வகுப்பை மற்ற பிள்ளைகளைப் போலவே முடித்தார்கள் என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கவில்லை என்ற விமர்சனம் அன்றைக்கே எழுந்தது. அதைவிட, அந்தக் காலத்தில் அவர்கள் திட்டினார்கள், தொடையில் அறைந்தார்கள். அதற்கும் முந்திய சோதனைகளில் மின்சார அதிர்ச்சிகூடக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் சும்மா எதிர்க்கவில்லை.

என் மகள் போன இடத்தில் அடி கிடையாது. ஆனால் "கை கட்டு, என்னைப் பார்" என்பதிலேயே பாதி நேரம் போகும். பார்க்காவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்புவார்கள். இரண்டு மாதத்தில் நன்றாகப் பார்க்கப் பழகிவிட்டாள். வீட்டில் யாராவது அவள் பக்கம் கை நீட்டினாலே தாடையைத் தானாகத் தூக்கிக் காட்டுவாள். அதைப் பார்த்த அன்றைக்கு நிறுத்தினேன்.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. மேஜையை விட்டு இறங்கி, பிள்ளை எதை விரும்புகிறதோ அதன் வழியாகவே சொல்லிக்கொடுப்பதும் இதே துறையிலிருந்து வந்ததுதான். ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கன்சாஸில் சாதாரண நர்சரிப் பிள்ளைகளிடம் 1970களிலேயே செய்துபார்த்தார்கள். பிள்ளை ஒன்றைக் கேட்டு வரும்போது அந்த நேரத்தையே பாடமாக்குவது. பிறகு கோகல் தம்பதியர் இதே வழியில் ஒரு முறையை வளர்த்தார்கள். அதில் ஒரு விதி எனக்குப் பிடித்தது: பந்து கேட்டால் பந்துதான், சிப்ஸ் கிடையாது. தப்பாகச் சொன்னாலும் முயற்சிக்கு மரியாதை உண்டு. அப்புறம் ராஜர்ஸ், டாசன் இருவரின் டென்வர் முறை, ஒன்றிலிருந்து நாலு வயது வரை. 2010இல் வெளியான சோதனையில் 48 குழந்தைகளைக் குலுக்கல் முறையிலேயே பிரித்து, இரண்டு வருஷம் பார்த்தார்கள். பேச்சிலும் அறிவிலும் நல்ல முன்னேற்றம் இருந்தது. அதில் பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

எனவே பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். பிள்ளை விளையாட்டை விட்டு எழுந்து போக முடியுமா என்று பாருங்கள். போனால் நீங்கள் அவள் பின்னால் போகிறீர்களா, இழுத்து உட்கார வைக்கிறீர்களா? அவள் "வேண்டாம்" என்று தலையைத் திருப்பினால் அதையும் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்கிறீர்களா? எங்கள் வீட்டில் முதலில் சொல்லிக்கொடுத்ததே 'வேணாம்'தான். என் மனைவி அதற்காக இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், இப்போது எல்லாவற்றுக்கும் வேணாம்.

கீழக்கரை_ராத்தா
20 ஏப்ரல், பிற்பகல் 3.45

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு ஐந்து வயது. அவன் வாப்பா சவூதியில். எங்களுக்கு ஒரு டாக்டர், "ஒரே மொழியில் பேசுங்கள், இங்கிலீஷில் மட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ், உம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஒரு வருஷம் வீடே வாயை மூடிக்கொண்டது. யாருக்கும் பேச வராத மொழியில் பிள்ளையிடம் என்ன கொஞ்ச முடியும்? "கம், சிட், ஈட்" இவ்வளவுதான். அவனோடு பேசியதெல்லாம் யூடியூப் மட்டும்தான். பிறகு வேறு தெரபிஸ்ட் தமிழுக்குத் திரும்பச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் பிள்ளைகளுக்குப் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

என் மகன் இன்னும் வாயால் பேசுவதில்லை. பட அட்டையைக் கையில் கொடுத்துக் கேட்பான். பாண்டி, ஃபிராஸ்ட் என்று இருவர் 1985இல் அமெரிக்காவில் உண்டாக்கியது, பெக்ஸ் என்பார்கள். பாம்பன்காரி சொன்ன கார்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே கார்டை மிஸ் காட்டுவார், பிள்ளை பதில் சொல்லும். இங்கே கார்டைப் பிள்ளை எடுத்துவந்து நம் கையில் வைக்கும், நாம் பொருளைக் கொடுக்கவேண்டும். படம் கொடுத்தால் வாய் திறக்கவே மாட்டான் என்று உம்மா பயந்தார். பேச்சை அது தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்கு உதவவும் செய்கிறது. முதல் அட்டை வட்டலாப்பம். நோன்புப் பெருநாளுக்கு என் கையில் அதைக் கொண்டுவந்து எட்டுத் தடவை வைத்தான். எட்டுத் தடவையும் கொடுத்தேன். வயிறு கெட்டது வேறு கதை.

பாம்பன்காரி
6 மே, இரவு 11.15

மன்னிக்கவும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் எழுத இருக்கிறது.

முதல் வாரம் இவர் சும்மா கூடவே உட்கார்ந்திருந்தார். படகில் இருபது மணி நேரம் வேலை செய்கிற மனிதருக்குச் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். எட்டாம் நாள் அவராகவே ஒன்று கண்டுபிடித்தார். கொல்லையில் ஒரு நீல ட்ரம் இருக்கிறது. அதில் கிணற்றுத் தண்ணீரை முக்கால்வாசி நிரப்பினார். எங்கள் கிணறு உவர்தான், நல்ல தண்ணீரைத் தொட்டால் அத்தை விட்டுவைப்பாரா? தேங்காய் அளவு மிதவை ஒன்றை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கினார், தோள்பட்டை வரை நனைந்துவிட்டது. மகன் ட்ரம் விளிம்பைப் பிடித்து எட்டிப்பார்க்கிறான். "விடு" என்று சொல்லிக் கையை எடுத்தார். டபக்கென்று மிதவை எகிறி வெளியே வந்து, இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர். மகன் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

அன்றைக்கும் மறுநாளும் அதே. மூன்றாம் நாள் இவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மகன் தண்ணீரைப் பார்த்தான். இவர் கையைப் பார்த்தான். விளிம்பைத் தட்டினான். அப்புறம் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். கீழுதட்டைப் பல்லில் வைத்து "வி..." என்று காட்டினார். "வீ" என்றான். மிதவை எகிறியது. நான் அடுப்படி சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இப்போது முழுசாக 'விடு' வருகிறது. கயிற்றுக்கு 'இழு'. தானாகக் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிப்பியைச் சிரட்டையில் போடுகிறேன். முதல் நாள் மூன்று. நேற்று பத்தொன்பது.

கெட்டது என் தப்பு. ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் இதையே செய்யத் தொடங்கினேன். காலையில் பாலைக் கையில் வைத்துக்கொண்டு 'பால்' என்று சொன்னால்தான் கொடுப்பேன் என்று நின்றேன். அத்தையும் சேர்ந்து "சொல்லு, சொல்லு". மூன்றாம் நாள் தன் கையையே கடித்துக்கொண்டான். ரத்தம் கட்டிவிட்டது. இப்போது பால் டம்ளரைக் கண்டாலே ஓடுகிறான்.

தொண்டி_ஸ்பீச்
7 மே, காலை 9.40

மிதவைக்கு ஆயிரம் சபாஷ் சொல்லலாம். நானே யோசித்திருக்கமாட்டேன்.

பால் விஷயத்தில் உடனே பின்வாங்குங்கள். பசி, தாகம், தூக்கம், இவற்றைப் பிடித்துவைத்துப் பேச்சு வாங்கக் கூடாது. இரண்டு நாளைக்குப் பாலைக் கேட்காமலே கொடுங்கள், நீங்கள் மட்டும் "பால்" என்று ஒருமுறை சொல்லுங்கள், அவ்வளவுதான். அவன் பயம் போகட்டும். பிறகு தொடர்ந்தாலும் முதலில் பாதி டம்ளரை இலவசமாகக் கொடுங்கள். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் காத்திருந்து பாருங்கள். ஐந்து எண்ணுவதற்கு மேல் வேண்டாம்.

ட்ரம்மில் ஏன் வந்தது, டம்ளரில் ஏன் வரவில்லை தெரியுமா? ட்ரம்மில் அவர் நிறுத்தியபோது இரண்டு நாளாக அறுபது எழுபது தடவை சும்மாவே கிடைத்திருந்தது. அந்த நிறுத்தமும் விளையாட்டின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. "நண்டூருது நரியூருது" என்று கையில் விரலை ஊரவிட்டு, அக்குள் பக்கம் வந்ததும் ஒரு நொடி நிறுத்துவோமே, அதே நிறுத்தம். நம் கிழவிகளுக்கு இது தெரியும். பால் டம்ளரில் நீங்கள் நிறுத்தியது அவனுக்குப் பறித்துக்கொண்ட மாதிரி.

அத்தையைத் திட்டாதீர்கள், அவருக்கென்று ஒரு வேலை கொடுங்கள். சிப்பி போடும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும்.

சாயல்குடி_அப்பா
7 மே, பகல் 12.05

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. விளையாட்டு முடிந்ததும் அந்த ட்ரம்மைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் கிணற்று மூடி போல ஒன்றைப் போட்டுக் கட்டுங்கள். ஆட்டிசம் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு, சொல்லாமல் கிளம்பிப்போகும் பழக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நம் வீடுகளோ கடலிலிருந்து கூப்பிடு தூரம். என் மகள் நாலு வயதில் ஒரு மத்தியானம் நாங்கள் கண் அயர்ந்த பத்து நிமிடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துத் தூக்கிவந்தார். அன்றைக்கு வாசலில் ஆட்டுமணி கட்டினேன், இன்னும் தொங்குகிறது. பேச்சில் 'நில்' என்ற சொல்லுக்கு நிற்கப் பழக்குவதையும் இதே மாதிரி விளையாட்டாகத் தொடங்கிவிடுங்கள். ஓடு, நில், ஓடு, நில்.

மண்டபம்_அங்கன்வாடி
9 மே, மாலை 5.30

நான் அங்கன்வாடிப் பணியாளர். அரசு பக்கம் உள்ளதைச் சொல்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 2013இலிருந்து ஆர்.பி.எஸ்.கே. என்று குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஒரு திட்டம் இருக்கிறது, அந்த டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து 18 வயது வரை பார்ப்பார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று. யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அட்டை வாங்கினால் பிள்ளை மேல் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

இன்னொன்று, பெரியவர்களோடு மட்டுமே பேசிப் பழகினால் போதாது. எங்கள் மையத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். மணலில் கூட்டாஞ்சோறு விளையாடும்போது அகப்பையை வேறொரு பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன். சட்டி இவளிடம். அகப்பை வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்கவேண்டும். என்னைவிட அந்த நாலு வயது வாண்டு பொறுமையாகக் காத்திருக்கிறது. சில நாள் கொடுக்காமல் ஓடியும் போகும், அதுவும் வாழ்க்கைதானே.

வலைப்பின்னல்
9 மே, இரவு 9.20

வாரம் 40 மணி, 20 மணி என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கிறது. தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போய்விட்டால்?

தொண்டி_ஸ்பீச்
10 மே, காலை 8.15

அந்தக் கணக்கை ஒரு வீட்டின் மேல் ஏற்றினால் தாய்தான் உடைந்துபோவாள். பயிற்சி பெற்ற ஆள் வாரத்தில் சில மணி நேரம் வழிகாட்ட வேண்டும், அது தேவை, இல்லை என்று சொல்லமாட்டேன். மாதம் ஒருமுறையாவது யாராவது பார்த்துத் திருத்தவேண்டும். பால் டம்ளர் கதையே அதற்குச் சாட்சி. மற்றபடி இந்த வேலைக்குத் தனி நேரம் தேவையில்லை. குளிக்கும்போது ஒவ்வொரு சொம்புக்கும் 'ஊத்து'. செருப்பு மாட்டும்போது ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. கதவைப் பாதி திறந்து நிறுத்துவது. பத்து நொடி பத்து நொடியாக ஒரு நாளில் அறுபது வாய்ப்பு கிடைக்கும்.

'தா', 'வேணும்' இரண்டையும் முதலிலேயே பொதுச்சொல்லாகப் பழக்காதீர்கள். எதற்கெடுத்தாலும் 'தா' என்று நிற்பான், எது என்று நாம்தான் ஊகிக்கவேண்டும். மறுபடி குடத்தடியில் நின்ற கதைதான். பொருளின் பெயர் அல்லது செயலின் பெயர் முதலில் வரட்டும். 'பால்' தனியாக நன்றாக வந்த பிறகு 'பால் தா'.

கச்சான்காற்று
12 மே, காலை 6.00

எல்லாவற்றையும் படித்தேன். முதல் நாள் எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒரு பேரன் இருக்கிறான், இரண்டரை வயது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவன் அப்பனிடம் இதைக் காட்டினேன். காது டெஸ்ட் எடுக்க நாளைக்கு ராம்நாடு போகிறார்கள். காது கேட்காவிட்டால் அரசு காப்பீட்டில் ஆபரேஷன் செய்து கருவி வைப்பார்களாமே, ஆறு வயதுக்குள் போகவேண்டுமாமே, உண்மையா?

மண்டபம்_அங்கன்வாடி
12 மே, காலை 7.25

உண்மைதான் ஐயா. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி உண்டு. முதலில் டெஸ்ட் முடியட்டும்.

பாம்பன்காரி
14 ஜூன், இரவு 8.30

நாளையோடு... இல்லை, இன்றோடு தடை முடிகிறது. படகுக்கு ஐஸ் ஏற்றப் போயிருக்கிறார். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

தானாகக் கேட்கிற சொல் பதினொன்று ஆகியிருக்கிறது. விடு, இழு, ஊத்து, பால், தண்ணி, நுங்கு, ரயில், தூக்கு, மணி (சாயல்குடி அண்ணன் சொன்ன ஆட்டுமணி), போ, வேணாம். 'தண்ணி' வர ஐந்து வாரம் ஆனது. முதலில் தண்ணீருக்கும் 'விடு' என்றுதான் சொன்னான், எல்லாவற்றுக்கும் 'விடு'. அக்கா தனியாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி, மறுக்காமல் கோபிக்காமல் 'தண்ணி' என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தோம். ஒரு நாள் மத்தியானம் குடத்தடியில் நின்றுகொண்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்து, "தண்ணி". கார்டு இல்லை, யாரும் கேட்கவில்லை. நான் அவசரத்தில் டம்ளரைத் தேடாமல் சொம்போடு கொடுத்துவிட்டேன், சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டான்.

'அப்பா', 'அம்மா' இன்னும் இல்லை. கடலுக்குப் போகுமுன் ஒருமுறையாவது கேட்டுவிடவேண்டும் என்று இவருக்கு ஆசை. ஒருநாள் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்துபோய் மிதவையை எடுத்துவந்து இவர் மடியில் வைத்தான்.

நேற்று அத்தை அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார், விடவே இல்லை. "விடு" என்றான் தெளிவாக. அத்தைக்கு ஒரு நொடி முகம் சுருங்கியது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, எழுந்துபோய்ச் சிரட்டையில் ஒரு சிப்பி போட்டார்.

அக்கா, ஒரு கேள்வி. நாளையிலிருந்து ட்ரம்மில் மிதவையை அமுக்க நான்தான். என்னால் அடி வரை அமுக்க முடியவில்லை, கை வழுக்குகிறது. சின்ன மிதவை போட்டால் அந்த எகிறல் இல்லை, சிரிக்கமாட்டேன் என்கிறான். என்ன செய்ய?

தொண்டி_ஸ்பீச்
14 ஜூன், இரவு 10.10

சின்ன மிதவை நாலைச் சேர்த்து ஒரு வலைப்பையில் கட்டி அமுக்கிப் பாருங்கள். அவர் வந்து போகும் நாட்களில் பெரிய மிதவை அவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் இவன் அதைத்தான் தேடுவான்.

சாயல்குடி_அப்பா
14 ஜூன், இரவு 10.25

வலைப்பை சரிதான், முடிச்சை இறுக்கிப் போடச் சொல்லுங்கள், பிள்ளை விரல் மாட்டிவிடும். ட்ரம்மைக் கவிழ்க்க மறக்காதீர்கள்.